கர்ஸருக்கும் ஸீட் நம்பர் உண்டு

ரயில்வே ரிசர்வேஷன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் நம் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை என்று பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. மாம்பலம் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் க்யூவில் நின்று, முன்னால் இருக்கிற ஆசாமி 'ஒரே நிமிஷம் சார்' என்று மச்சினன் குடும்பத்துக்கும் சேர்த்து மூன்று ஃபார்ம் நீட்டுவதைப் பொறுத்துக்கொண்டு, ஒரு வழியாக ஜன்னலை அடைந்து நாம் ஒரு புன்னகை செய்தால், பதிலுக்கு ஒரு கை மட்டும் வெளியே வரும். ஃபார்மை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

அவர் மேல் கோபப்படாதீர்கள். அவருடைய இரண்டு கண்ணும் நம் கையெழுத்தில் இருக்கின்றன. அது 1-ஆ 7-ஆ என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் பாட்டுக்கு கீபோர்டில் ஓடுகின்றன. வண்டி நம்பர், தேதி, வகுப்பு, எங்கிருந்து, எங்கே, பேர், ஆணா பெண்ணா, வயசு. திரையை அவர் பார்ப்பதே எப்போதாவதுதான். ஒரு விஷயத்தை முழுசாக நம்பி இதைச் செய்கிறார். ஒரு கட்டத்தை முடித்ததும் திரையில் மினுக்குகிற அந்தச் சின்னக் கோடு, தான் எதிர்பார்க்கிற அடுத்த கட்டத்தில் போய் நின்றிருக்கும் என்கிற நம்பிக்கை. அது பொய்த்தால், உங்கள் பாட்டிக்கு வயசு 12 என்று டிக்கெட் வரும்.

அந்தக் கோட்டுக்குப் பேர் கர்ஸர். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

* * *

கர்ஸர் என்பது லத்தீன் வழி வந்த சொல். 'ஓடுகிறவன்' என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு முன்பே அந்தப் பேர் ஸ்லைடு ரூலில் இருந்தது. இன்ஜினீயரிங் படித்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள். ஸ்லைடு ரூலின் மேல் நகர்கிற கண்ணாடித் துண்டு, அதன் நடுவே மெல்லிய கோடு. அதுதான் முதல் கர்ஸர். திரையில் இருக்கிற கர்ஸரைக் கண் சிமிட்ட வைத்தது அமெரிக்காவில் ஸ்பெர்ரி ராண்ட் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கீஸ்லிங் என்பவர். 1967-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார், 1970-ல் கிடைத்தது. திரை முழுக்க எழுத்தாக இருக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று கண் தேடக் கூடாது, மினுக்கினால் தானாகத் தெரியும். அவ்வளவுதான் ஐடியா. அரை நூற்றாண்டாக நம்மைப் பார்த்து மினுக்கிக்கொண்டிருக்கிறது.

பழைய டெர்மினல்களில் மௌஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. 1978-ல் டிஜிட்டல் கம்பெனி கொண்டுவந்த விடி-100 டெர்மினலில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80-ம் சும்மா வந்ததில்லை. ஐபிஎம் 1928-ல் போட்ட ஓட்டை அட்டையில் 80 பத்தி இருந்தது. அட்டை போயிற்று, எண்பது தங்கிவிட்டது.

இந்தத் திரையை ஒரு சினிமா தியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 வரிசை, வரிசைக்கு 80 ஸீட். வேறு ரூமில் ஏசியில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர், 'அஞ்சாவது வரிசை, பத்தாவது ஸீட்' என்று ஒரு ரகசியக் குறியீடு அனுப்பும். கர்ஸர் அங்கே போய் உட்காரும். ஆக, கர்ஸர் தானாக எங்கேயும் போவதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு புரோகிராமர் என்றைக்கோ ஒரு நாள் முடிவு பண்ணியிருக்கிறார். அவர் அன்றைக்கு நம்மை நினைத்துப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

* * *

நம் ரயில்வேக்கு 1985-ல் டெல்லியில் இந்தச் சமாசாரம் வந்தது. அப்போது அரசாங்க நிறுவனமாக இருந்த சிஎம்சி, 'இம்ப்ரெஸ்' என்ற பேரில் ரிசர்வேஷன் சிஸ்டம் செய்து கொடுத்தது. பிறகு மற்ற பெரிய ஊர்களுக்கும் பரவியது. டெல்லி, மும்பை, கல்கத்தா, செகந்திராபாத், சென்னை ஆகிய ஐந்து ஊர்க் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தது 1999 ஏப்ரலில்.

ரிசர்வேஷன் ஃபார்மை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? பேரை 15 எழுத்துக்கு மிகாமல் எழுதவும் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். ஏனென்றால் கட்டத்தின் நீளம் அவ்வளவுதான். மயிலாப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வெங்கடசுப்ரமணியன் மேல்தான் விழ வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் 18 எழுத்து. பதினைந்தில் நிறுத்தினால் வெங்கடசுப்ரமன். பாக்கி மூணு எழுத்து எழும்பூர் பிளாட்பாரத்தில் நின்று டாட்டா காட்டும்.

கட்டத்தின் அகலம் என்பது சாதாரண விஷயமில்லை. 2010 டிசம்பர் 20-ம் தேதி ரயில்வே, வண்டி நம்பரை நாலு இலக்கத்திலிருந்து அஞ்சாக மாற்றியது. நமக்கு ஒரு இலக்கம் கூடுதல். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நம்பர் வருகிற ஒவ்வொரு திரையிலும் ஒரு ஸீட் கூடுதல். அதோடு, 'நாலு தட்டினால் அடுத்த கட்டம்' என்று பழகின விரல்களுக்கு ஒரு புதுப் பாடம்.

* * *

இந்த விரல் விஷயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும்.

உங்கள் ஆபீஸில் ஐம்பதைத் தாண்டிய அக்கவுண்டன்ட் யாராவது இருந்தால் 'டிபேஸ்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். தொண்ணூறுகளில் தி.நகரில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தபோது, பி.காம். பையன்கள் மாலை வேளையில் போய்க் கற்றுக்கொண்டது அதுதான். '@' போட்டு 5, 10 என்று எழுதி, எதிரே 'சே' என்றால் அந்த இடத்தில் எழுத்து வரும். 'கெட்' என்றால் அந்த இடத்தில் ஒரு கட்டம் திறந்து கர்ஸர் காத்திருக்கும். ஒரே ஒரு குழப்பம்: டிபேஸில் மேலே இருக்கிற வரிசைக்கு நம்பர் பூஜ்யம், விடி-100-ல் ஒன்று. நம் ஃபிளாட்டில் கிரவுண்ட் ஃப்ளோரா, முதல் மாடியா என்று கூரியர் பையன் குழம்புவானே, அதே கதை.

டிபேஸில் கட்டம் நிரம்பினால் ஒரு 'பீப்' வரும், கர்ஸர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் பண்ணியவர்களுக்கு இது பழகின சத்தம். வரி முடியப்போகிறது என்று டைப்ரைட்டரும் 'டிங்' என்று மணி அடிக்கும். கண் தாளில், காது மணியில். ஆனால் டைப்ரைட்டர் மணி அடித்துவிட்டுச் சும்மா இருந்தது. டிபேஸ் மணியும் அடித்தது, தானே குதிக்கவும் குதித்தது. வம்பு அங்கே ஆரம்பம்.

ஒரு வவுச்சர் என்ட்ரி திரையை எடுத்துக்கொள்வோம். வவுச்சர் நம்பருக்கு நாலு இலக்கக் கட்டம். அடுத்து தேதி. அதற்கடுத்து தொகை. வவுச்சர் 985: மூணு இலக்கம் அடித்து என்டர். 986, என்டர். 999, என்டர். எல்லாம் சுகம். ஆயிரமாவது வவுச்சர் வந்தது. நாலாவது இலக்கத்தைத் தட்டின உடனேயே கட்டம் நிரம்பிவிட்டது, கர்ஸர் தானாகத் தேதிக்குத் தாவிவிட்டது. விரல் என்ன செய்யும்? மாசக்கணக்கில் பழகின பழக்கம், என்டரையும் ஒரு தட்டு தட்டும். கர்ஸர் தேதியையும் தாண்டித் தொகையில் போய் நிற்கும். அக்கவுண்டன்ட் பாவம், கண் தாளில் இருக்க, 12-03-96 என்ற தேதியை அடிக்கிறார். தொகைக் கட்டத்தில் விழுகிறது: ஒரு லட்சத்து இருபதாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய். விஷயம், ஆபீஸ் பையன் வாங்கிவந்த டீ, பிஸ்கட் செலவு.

இதற்கு ஒரு வரி மருந்து டிபேஸிலேயே இருந்தது. 'செட் கன்ஃபர்ம் ஆன்' என்று எழுதினால் கட்டம் நிரம்பினாலும் கர்ஸர் நகராது, என்டர் தட்டினால்தான் நகரும். தட்டுவது கொஞ்சம் கூடும். ஆனால் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். பார்க்காமல் வேலை செய்கிற மனுஷனுக்கு வேகத்தைவிட அதுதான் முக்கியம். தானாகத் தாவுவது என்றால் எல்லாக் கட்டத்திலும் தாவு, காத்திருப்பது என்றால் எல்லாக் கட்டத்திலும் காத்திரு. சில நாள் சிரித்து சில நாள் முறைக்கிற மேனேஜரிடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

1986-ல் பெங்களூரில் பிறந்த டேலி நம் கடைத்தெருவெல்லாம் ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். டேலியில் மௌஸைத் தொடாமலே நாள் முழுக்க ஓட்டலாம். என்டர் தட்டினால் அடுத்த கட்டம். பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தின கட்டத்துக்கே திரும்பிப் போகலாம். கடைசியில் 'ஏற்றுக்கொள்ளலாமா' என்று ஒரு கேள்வி. பாண்டி பஜார் பக்கம் கடைகளில் ஒரு கையால் பில்லைப் புரட்டிக்கொண்டே, மறு கையால் டேலியில் அடிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீணை வாசிப்பவர் தந்தியைப் பார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

* * *

பெரிய கம்ப்யூட்டர்களின் உலகம் தனி. 1971-ல் ஐபிஎம் கொண்டுவந்த 3270 டெர்மினல் கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். திரையில் எழுதக்கூடிய இடம், எழுதக்கூடாத இடம் என்று பிரித்து வைத்திருக்கும். எழுதக்கூடாத இடத்தில் ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், கீபோர்டு பூட்டிக்கொள்ளும். 'ரீசெட்' என்ற பட்டனை அழுத்தி மன்னிப்புக் கேட்டால்தான் திறக்கும்.

அந்த ஐபிஎம் திரைகளை எழுதிப் பிழைத்தவர்கள் அடையாறிலும் வேளச்சேரியிலும் இன்று ஃபிளாட் வாங்கி ஈஎம்ஐ கட்டி முடித்துவிட்டார்கள். அவர்களில் யாரிடமாவது 'மைனஸ் ஒன்று' என்று காதில் சொல்லுங்கள், சிரிப்பார். கோபாலில் எழுதும்போது, கர்ஸரை ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அந்தக் கட்டத்தின் நீளம் மைனஸ் ஒன்று என்று எழுத வேண்டும். மைனஸ் ஒன்று நீளத்தில் ஒரு பொருளை ரங்கநாதன் தெருவில்கூட விற்க மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது ஒரு சங்கேதம்: 'கர்ஸரை இங்கே வை.'

இது எதற்கு உபயோகம் என்று கேட்டால் எனக்கு அந்தக் காலத்து ஆட்கள் மேல் மரியாதை வருகிறது. பத்துக் கட்டம் நிரப்பி அனுப்புகிறீர்கள். ஏழாவதில் தப்பு. ஒழுங்கான புரோகிராமர், ஏழாவது கட்டத்துக்கு மைனஸ் ஒன்று போட்டு, கர்ஸரை அங்கேயே நிறுத்தி, 'வயசு சரியில்லை' என்று கீழே ஒரு வரி காட்டுவார். மற்ற ஒன்பது கட்டமும் அடித்தது அடித்தபடியே இருக்கும். கணக்கு வாத்தியார் நோட்டில் தப்பான வரியின் மேல் விரலை வைத்துக் காட்டுவதுபோல.

இன்றைக்கு? வங்கியோ வாரியமோ ஏதோ ஒரு வெப்சைட்டில் இருபது கட்டம் நிரப்பி, கடைசியில் பட்டனை அழுத்துகிறோம். உச்சியில் சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று ஒரு வரி வருகிறது. எது தவறு? சொல்லாது. கீழே இறங்கிப் பார்த்தால் இருபது கட்டமும் துடைத்துவிட்ட பலகை மாதிரி சுத்தமாக இருக்கும்.

* * *

நம் ஊர் வழக்கம் தெரியாத கட்டங்களும் உண்டு.

1972 ஆகஸ்ட் 15-ல் ஆறு இலக்க பின்கோடு வந்தது. மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017, அடையாறு 600020. ஆனாலும் பெரியவர்கள் இன்றைக்கும் 'சென்னை-4' என்றுதான் எழுதுவார்கள். போஸ்ட்மேனுக்குப் புரிகிறது. கட்டத்துக்குப் புரிவதில்லை.

ஆதார் கார்டில் 12 இலக்கத்தையும் நாலு நாலாக இடம் விட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அதே மாதிரி இடம் விட்டு அடித்தால் பல திரைகளுக்குக் கோபம் வருகிறது. அந்த இடைவெளியைத் தானே நீக்கிக்கொள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த வேலையை எழுபது வயசுக்காரரிடம் தள்ளுகிறோம்.

ஐஎஃப்எஸ்சி கோடில் 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம். எப்போதுமே என்றால் எப்போதுமே! அதைப் பார்த்து 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடிக்கிறவர்கள் ஆயிரம் பேர். ஐந்தாவது இடத்தில் 'ஓ' வந்தால் பூஜ்யமாக மாற்றிக்கொள் என்று ஒரு வரி எழுதினால் ஆயிரம் பேருக்கு நிம்மதி.

பிறகு, கடைசிப் பேர். நமக்கு ஏது சார் கடைசிப் பேர்? அப்பா பேரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அதை அடித்தால் 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்கிறது. எத்தனையோ தமிழர்கள் அப்பா பேரையே குடும்பப் பேராக மாற்றிக்கொண்டு வெளிநாட்டில் அப்பா பேராலேயே கூப்பிடப்படுகிறார்கள். எந்தச் சட்டமும் செய்யாத மாற்றத்தை ஒரு கட்டம் செய்துவிட்டது.

* * *

சிரித்துவிட்டுப் போகலாம், பணம் இல்லையென்றால்.

2020 ஆகஸ்ட் 11. சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் கடன்காரர்களுக்கு வட்டி அனுப்ப வேண்டும். சுமார் 78 லட்சம் டாலர். போனதோ கிட்டத்தட்ட 90 கோடி டாலர்! அசலும் சேர்ந்து போய்விட்டது. காரணம், திரையில் மூன்று கட்டம். அசல் வெளியே போகாமல் பேங்கின் உள் கணக்கிலேயே நிற்க வேண்டுமென்றால் மூன்றையும் நிரப்ப வேண்டும். 'அசல்' என்ற பேருள்ள கட்டத்தை மட்டும் நிரப்பினார்கள். அசலை நிறுத்த 'அசல்' கட்டம் போதும் என்று யாருக்குத்தான் தோன்றாது? முதலில் என்ட்ரி போட்டவர் இந்தியாவில் இருந்த ஒரு ஒப்பந்த ஊழியர். அதற்கு மேல் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். ஆறு கண்ணும் 'சரி' என்றன. கிட்டத்தட்ட 50 கோடி டாலரை வாங்கியவர்கள் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். 2021-ல் கோர்ட்டும் அவர்கள் பக்கம் நின்றது. 2022 செப்டம்பரில் அப்பீலில்தான் பேங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

சிட்டி பேங்குக்கு வக்கீல் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் ஊருக்கு அம்மாவுக்குப் பணம் அனுப்புகிற நமக்கு? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் வெகுகாலம் அக்கவுண்ட் நம்பரை மட்டும் பார்த்துத்தான் வரவு வைத்தார்கள். பேர்க் கட்டத்தில் அம்மா பேரை எவ்வளவு ஆசையாக அடித்தாலும் அது கணக்கில் சேராது. நம்பரில் ஒரு இலக்கம் பிசகி, அந்த நம்பரில் வேறு யாருக்காவது கணக்கு இருந்தால் பணம் அங்கே. பணம் அனுப்புமுன் அந்த நம்பருக்கு உரியவர் பேரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி, 2024 டிசம்பர் 30-ல்தான் ரிசர்வ் பேங்க் மற்ற பேங்குகளுக்கு உத்தரவு போட்டது. அதனால் அடுத்த முறை அந்தப் பேர் திரையில் வந்தால் அவசரப்பட்டு 'ஓகே' அழுத்தாதீர்கள். ஒரு தரம் வாசியுங்கள். அந்த ஒரு வரிக்காக வெகுநாள் காத்திருந்தோம்.

* * *

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு திரையில் என்ட்ரி போடுகிறவர்கள். மீதிப்பேர் அந்தத் திரையை எழுதுகிறவர்கள், அல்லது 'நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர்கள். இரண்டாவது கோஷ்டிக்கு ஒரு சின்ன வேண்டுகோள்.

கையெழுத்துப் போடுமுன் மௌஸைக் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். பத்து நிஜ ஃபார்ம்களை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றாவது வெங்கடசுப்ரமணியனுடையதாக இருக்கட்டும். திரை திறந்ததும் கர்ஸர் முதல் கட்டத்தில் நிற்கிறதா என்று மட்டும் ஒரு தரம் பாருங்கள். அதன் பிறகு கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு பத்தையும் அடியுங்கள். ஒன்றில் வேண்டுமென்றே தப்பாக அடித்து, கர்ஸர் அந்தத் தப்பின் மேல் வந்து நிற்கிறதா என்றும் சோதியுங்கள். அதே ஆபீஸில் நாள் பூரா என்ட்ரி போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு இதையே செய்யச் சொன்னால் இன்னும் உத்தமம். கான்ஃபரன்ஸ் ரூமில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவர் 'ச்சே' என்று சொல்கிற இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

கடைசியில் நிமிர்ந்து பாருங்கள். பத்தில் ஒன்பது சரியாக இருக்கலாம். பாஸ் மார்க்குதான். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தாவது ஃபார்ம் யாருடையது என்று மட்டும் ஒரு தரம் பேரைப் படித்துவிடுங்கள், முழுப் பேரும் திரையில் இருந்தால்.